தொழில் பயிலும் நம் பிள்ளைகளும் தன்மதிப்பும்

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் விடியற்காலைப் பேருந்தில் பணி நிமித்தம் நாம் அடிக்கடி பயணம் செய்வதுண்டு. அந்நேரத்தில் பேருந்து நிலையம் சந்தையைப் போலவே இருக்கும். ஒரு புறம் மல்லிகை மூட்டைகள். மறு புறம் நூல் சிப்பங்கள். இவற்றினிடையே படிக்கச் செல்லும் பிள்ளைகள். கல்லூரிக்குச் செல்வோர் கழுத்தில் அடையாள அட்டை தொங்க நிற்பர். தொழிற்பயிற்சி நிலையத்துக்குச் செல்லும் பிள்ளைகளை மட்டும் இனங்காண்பது எளிதன்று. அவர்களிற் பலர் பட்டறைச் சீருடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேறு சட்டை அணிந்தே பேருந்து ஏறுகின்றனர். இறங்கிய பின், நிலையத்தின் வாயிலுக்கருகே எங்கேனும் மாற்றிக்கொள்கின்றனர். மாலையில் திரும்பும்போதும் அவ்வாறே. நெடுநாள் இதனை நாம் கவனித்தோமில்லை. கவனிக்க நேர்ந்தது நாமே செய்த ஒரு பிழையினால்.

சென்ற ஆண்டில் ஒரு நாள், நெசவாளர் சங்கம் ஒன்றில் இருப்புச் சரிபார்ப்பில் அமர்ந்திருந்தோம். அங்கத்தினர் ஒருவரின் மகன், தந்தை நெய்த சேலைகளைக் கொண்டுவந்து ஒப்படைக்க வந்தான். பதினேழு வயதிருக்கும், அடக்கமான பிள்ளை. "என்ன படிக்கிறாய், தம்பி?" என்றோம். "காலேஜ், சார்" என்றான். எந்தக் கல்லூரி, என்ன பாடம் என்று மேலும் கேட்டோம். அவன் தலை கவிழ்ந்தது. பக்கத்திலிருந்த எழுத்தர் சிரித்துக்கொண்டே, "ஐ.டி.ஐ.யைத்தான் காலேஜ் என்கிறான் சார்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். நாமோ நல்லெண்ணத்தோடு, பத்தாம் வகுப்பில் என்ன மதிப்பெண் என்று விசாரித்து, இன்னுங் கொஞ்சம் முயன்றிருந்தால் வேறு நல்ல படிப்புக் கிடைத்திருக்குமே என்று அறிவுரையும் வழங்கினோம். கூலி வாங்கக் காத்திருந்த அங்கத்தினர் ஏழெட்டுப் பேர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

இரண்டு வாரங் கழித்து அவனுடைய தந்தை நம்மைத் தேடி வந்தார். "பயல் பயிற்சிக்குப் போகமாட்டேன் என்கிறான் ஐயா. ஒன்பது நாளாகிறது. விசைத்தறிக் கூடத்தில் எங்காவது சொல்லிச் சேர்த்துவிடுங்கள்" என்றார். நாம் கேட்ட கேள்வியை அவர் அறியார், பையன் சொல்லவில்லை. நாமும் அன்று சொல்லத் துணியவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

இந்தப் பிள்ளைகளுக்குக் குறைவாயிருப்பது அறிவன்று, பணமும் மட்டுமன்று. மனநூலார் தன்மதிப்பு என்று கூறுகிறார்களே, அதுதான். இச்சொல்லைக் கேட்டவுடன் நம்மவரிற் சிலர் செருக்கு என்று எண்ணிவிடுகின்றனர். செருக்குடையவன் தன்னைப் பிறரினும் மேலாக எண்ணுகிறான். தன்மதிப்புடையவன் பிறருக்குக் கீழாக எண்ணாதிருக்கிறான், அவ்வளவே. அமெரிக்க நாட்டுச் சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பர்க் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் 5,000-க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார். பத்தே வாக்கியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறாய் என்று கேட்டு, தன்மதிப்பை அளக்கும் முறை அதில் இருந்தது. இன்றும் உலகெங்கும் கல்லூரிகளிலும் தொழிற்பள்ளிகளிலும் இவ்வளவுகோலே மிகுதியாக வழங்குகிறது. 'நான் அனைவரினும் சிறந்தவன்' என்னும் வாக்கியம் அப்பத்தில் ஒன்றாக இல்லை.

அவருக்கும் முன்னர், 1890-இல், வில்லியம் ஜேம்ஸ் என்ற பேரறிஞர் இதைக் கணக்குப்போல எழுதிக் காட்டினார். ஒருவன் பெற்ற வெற்றியை அவன் ஆசைப்பட்ட அளவால் வகுத்தால் வருவதே அவனுடைய தன்மதிப்பு என்பது அவர் கருத்து. உலகிலேயே இரண்டாவது சிறந்த குத்துச்சண்டை வீரன் முதலிடம் கிட்டவில்லையே என்று நாணிச் சாகிறான்; எவரிடமும் தோற்றுவிடக்கூடிய நோஞ்சானோ, அத்துறையையே விரும்பாதவனாதலால், கவலையின்றி உலவுகிறான் என்று அவர் வேடிக்கையாக விளக்குகிறார். நம் பிள்ளைகளின் நிலையை இக்கணக்கில் இட்டுப் பார்க்கலாம். பொருத்துநர் பயிற்சியில் ஒருவன் நன்றாகவே தேறிவரலாம். ஆயினும் வகுக்கும் எண் அவனுடையதன்று. அது பக்கத்து வீட்டுப் பொறியியல் மாணவனைக் காட்டித் தாய்மாமன் எழுதியது. கல்யாண வீட்டில் பந்தியில் அமர்ந்தோர் எழுதியது. சங்க அலுவலகத்தில் நாம் எழுதியது.

இதைச் சொல்லும்போது பெற்றோரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. தொழிற்கல்வி என்றவுடன் நம் மக்களுக்கு ஓர் ஐயம் எழுவதற்கு வரலாற்றிலேயே காரணம் உண்டு. 1953-இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அவர்கள் முதலமைச்சராயிருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம், மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும் என்ற திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயர் பெற்று அது பெரும் எதிர்ப்பைக் கண்டது. 1954-இல் காமராசர் அவர்கள் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. நெசவாளன் மகன் நெசவாளனாகவே இருக்கவேண்டுமா என்று அன்று எழுந்த வினா மிகவும் சரியானது. அந்த நினைவு இன்றும் வீடுகளில் இருக்கிறது. ஆனால் தொழிற்பயிற்சி நிலையம் அந்த வழியில் வந்ததன்று. 1950-இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ், எக்குலத்தினரும் எத்தொழிலையும் விரும்பித் தேரும் இடமாக அது அமைந்தது. தறிக்காரர் மகன் கடைசல் பொறியில் நிற்பதும், பூ விவசாயி மகள் மின்சாரம் பயில்வதும் குலத்தொழிலுக்கு நேர் எதிரானவை.

நிலையங்களில் மோட்டார் வண்டித் தொழிலுக்கு 'கம்மியர்' என்று பெயர் வைத்திருக்கின்றனர். சங்க நூல்களில் கைவினைஞரைக் குறித்து வழங்கும் சொல் அது. இவ்வளவு பழமையும் பெருமையும் உடைய பெயர் அச்சிட்ட சான்றிதழை எந்தப் பிள்ளையும் கூசாமல் காட்டலாம். ஆனால் பெயரின் பெருமை பேருந்து நிலையத்தில் உதவுவதில்லை என்பதையும் கண்டோம்.

தன்மதிப்புக் குன்றியவன் அத்துன்பத்தை எவ்வாறு எதிர்கொள்கிறான் என்பது அடுத்த விஷயம். இங்கே பிள்ளைகளுக்குள் பெரும் வேறுபாடு உண்டு. ஒருவன் சீருடையை ஒளிக்கிறான். ஒருவன் வகுப்பில் கோமாளியாகிறான். தன்னைத் தானே முதலில் கேலி செய்துகொண்டால் பிறர் கேலி சுடாதல்லவா! ஒருவன் இரவெல்லாம் கைப்பேசியில் மூழ்கிவிட்டுக் காலையில் எழ மாட்டாது கிடக்கிறான். ஒருவன் போதனாசிரியரிடம் சண்டையிடுகிறான். இன்னொருவனோ, விளங்காததை நாலு முறை கேட்டுத் தெரிந்துகொள்கிறான். ரிச்சர்டு லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்ற மனநூலார் இருவர் 1984-இல் வெளியிட்ட நூலில், இவற்றை இரு பெரும் பிரிவுகளாக வகுத்தனர். துன்பத்தின் காரணத்தையே மாற்ற முயல்வது ஒன்று. காரணத்தை விட்டுவிட்டு, அதனால் எழும் மனவருத்தத்தைத் தணித்துக்கொள்வது மற்றொன்று. முன்னது நல்லது, பின்னது கெட்டது என்று அவர்கள் தீர்ப்புக் கூறவில்லை. மக்கள் ஏறக்குறைய எல்லாத் துன்பங்களிலும் இரண்டையும் கலந்தே கையாளுகின்றனர் என்றும், மாற்றக்கூடிய விஷயம் என்று தோன்றினால் முன்னதையும், மாற்ற இயலாதது என்று தோன்றினால் பின்னதையும் மிகுதியாக நாடுகின்றனர் என்றும் கண்டனர். ஆகவே சீருடையை ஒளிக்கும் பிள்ளையை நாம் ஏளனமாக எண்ணலாகாது. ஊரார் வாயை அவன் மூட முடியாது. சட்டையை மறைக்க முடியும். அவன் செய்வது அந்த மட்டில் அறிவுடைய செயலே. அப்பழக்கம் சட்டையோடு நில்லாமல், வகுப்பு, கருவி, தேர்வு என்று எல்லாவற்றையும் ஒளிக்கத் தொடங்கும்போதுதான் கேடு வருகிறது. ஒன்பது நாள் வருகை தவறுவது சிறு செய்தியன்று. வருகை குறைந்தால் தேர்வெழுத இயலாது; இரண்டாண்டுப் பயிற்சி வீணாகும்.

பூ விவசாயி மகள் என்று மேலே கூறினோமல்லவா, அப்பெண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மல்லிகை பயிரிடுபவர் அவள் தந்தை. நம் கடன் சங்கத்து அங்கத்தினர். மின்பணியாளர் பிரிவில் சேர்ந்தபோது அவ்வகுப்பில் பெண்கள் இருவர்தாம். முதல் மாதம் முழுவதும் இரவில் அழுததாக அவளே நம்மிடம் சொன்னாள். "அழுது முடித்தால் தூக்கம் வந்துவிடும் சார். காலையில் போய்விடுவேன்" என்றாள். இரண்டாம் மாதம், ஸ்டார்ட்டர் இணைப்பு விளங்காமல், வகுப்பு முடிந்த பின் அரைமணி நேரம் தனியே செய்து பார்க்கப் போதனாசிரியரிடம் அனுமதி கேட்டாள். அழுகையும் அனுமதியும் ஒரே பெண்ணிடம், ஒரே பருவத்தில். மேலே கண்ட அறிஞர் இருவரும் கேட்டிருந்தால் வியப்படைந்திருக்கமாட்டார்கள்.

ஒரு நாள் மாலை தந்தையின் கிணற்று மோட்டார் ஓடாமல் உறுமிக்கொண்டு நின்றது. அவர் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தப் போக, அவள் தடுத்தாள். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை வராவிட்டால் மோட்டார் சுற்றாது, உறுமும். அழுத்திக்கொண்டேயிருந்தால் உள்ளே காயில் எரிந்துபோகும் என்று அவள் படித்திருந்தாள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது ஒரு ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினாள், தண்ணீர் வந்தது. காயில் கட்டும் செலவும், பூ வாடும் நாட்களும் மிச்சம். இப்பொழுது அத்தெருவில் மோட்டார் உறுமினால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டபோது, தொழிற்பயிற்சி நிலைய மாணவியரும் அதில் சேர்க்கப்பட்டனர். 2024-இல் மாணவர்களுக்கென்று தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அவளுக்கும் அப்பணம் வந்தது. பணத்தைவிட, கல்லூரிப் பெண்களின் பட்டியலில் தன் பெயரும் இருந்ததே அவளுக்கு மகிழ்ச்சி என்று நாம் உணர்ந்தோம்.

இதனைக் கேட்டவுடன், 'அப்படியானால் பிள்ளைகளைப் புகழ்ந்து பேசுவோம், தன்மதிப்பு வளரும்' என்று அன்பர்கள் எண்ணக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அமெரிக்காவில் 1980-களிலும் 1990-களிலும் பள்ளிகள் இம்முயற்சியில் பெரிதும் ஈடுபட்டன. பின்னர் 2003-இல், ராய் பாமைஸ்டரும் உடன் உழைத்தோரும் அதுகாறும் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து, தன்மதிப்பை மட்டும் உயர்த்துவதால் படிப்பு உயர்வதில்லை என்று காட்டினர். நன்றாகச் செய்பவனுக்குத் தன்மதிப்பு வருகிறது என்பதே பெரும்பாலும் சரி. தலைகீழாக நடப்பது அரிது. 'என்னால் இயலும்' என்ற நம்பிக்கை எவ்வாறு உண்டாகிறது என்று 1977-இல் எழுதிய ஆல்பர்ட் பந்தூரா, அதற்கு நான்கு ஊற்றுகளைக் கூறி, தானே செய்து முடித்த அனுபவத்தையே அவற்றுள் வலிமை மிக்கதாக வைத்தார். பிறர் வாய்ச்சொல் அதனினும் வலிமை குன்றியது.

பொருத்துநர் பட்டறை ஒன்றில் ஒரு முற்பகல் நின்று பார்த்தால் இக்கருத்துக் கண்ணுக்கே புலனாகும். முதலாண்டின் தொடக்கத்தில் பிள்ளையிடம் ஓர் இரும்புத் துண்டையும் அரத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். அத்துண்டின் முகம் சமமாகவும், பக்கங்கள் செங்கோணமாகவும் வரும்வரை அராவவேண்டும். கை கொப்பளிக்கும், தோள் வலிக்கும். அராவிய முகத்தின்மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கவேண்டும். இடையிலே ஒளிக்கீற்றுத் தெரிந்தால் மீண்டும் அராவல். இதில் போதனாசிரியரின் தயவும் செல்லாது, கோபமும் செல்லாது. தாய்மாமன் கருத்துக்கும் இடமில்லை. ஒளி வருகிறது அல்லது வரவில்லை. பிறகு வெர்னியர் அளவி வருகிறது, அது 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும். பத்தாண்டுகள் பள்ளியில் சிவப்பு மையையே கண்டு பழகிய பிள்ளைக்கு, மறுக்க முடியாத ஓர் அளவு தன் பக்கம் நிற்பது எத்தகைய மாறுதல்! பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாமாண்டில் சேரவும் வழியுண்டு. அறிவுரை கூறப் புறப்பட்ட அன்று இதையாவது அந்தப் பையனுக்கு நாம் சொல்லியிருக்கலாம்.

இனி அப்பையனிடம் வருவோம். நாம் விசைத்தறிக் கூடத்துக்குச் சிபாரிசு செய்யவில்லை. அவன் தந்தையோடு நிலையத்துக்குச் சென்றோம். போதனாசிரியர் அலமாரியிலிருந்து அவன் செய்த பொருத்தம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். சதுரத் துளையுடைய ஒரு தகடு. அத்துளையில் சரியாக நுழையும் ஒரு சதுரக் கட்டை. நெசவாளர் அதை எடுத்தார். கட்டையை நுழைத்தார், எடுத்தார், திருப்பி நுழைத்தார். விரல் நுனியால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். முப்பது ஆண்டுகளாக இழையைத் தொட்டு அறிந்த விரல் அது. "எவ்வளவு இடைவெளி ஐயா?" என்று கேட்டார். ஆசிரியர் அளவியைக் காட்டி, அதன் மிகச் சிறிய அளவு என்னவென்று விளக்கினார். நாற்பதாம் நம்பர் பருத்தி நூலின் கனம் ஏறக்குறைய 0.14 மில்லிமீட்டர். அந்த அளவி காட்டும் சிறு அளவு அதில் ஏழில் ஒரு பங்கு. இதை நாம் ஒரு காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "ஒரு இழையை ஏழாகப் பிளந்து பார்க்கிறானா இவன்?" என்றார் இறுதியில்.

அன்றிரவு வீட்டில் என்ன பேசினார்கள் என்பது நமக்குத் தெரியாது. மறு வாரம் பையன் பயிற்சிக்குத் திரும்பினான் என்று ஆசிரியர் தொலைபேசியில் கூறினார். அவனிடம் நாம் மன்னிப்பும் கேட்டோம். அவன் கூச்சத்தோடு, "பரவாயில்லை சார்" என்று சொல்லி அகன்றான். பரவாயில்லை என்பது போல் நமக்குத் தோன்றவில்லை.

சங்கங்கள் இதில் செய்யக்கூடியது பெரிய காரியமன்று. மகாசபையில் பரிசு வழங்கும்போது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு மட்டும் கொடுக்காமல், தொழிற்தேர்வில் தேறியவர்களையும் அதே மேடைக்கு அழைக்கலாம். தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. 2019-இல் திருத்திய விதிகளின்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநரை எடுத்தே தீரவேண்டும். நால்வர் இருந்தாலே விரும்பினால் எடுக்கலாம். நம் சங்கங்களிற் பல இந்த இரண்டாம் வகையில் அடங்கும். தலைவர்களும் செயலாளர்களும் இதை ஆராய்ந்து பார்ப்பார்களாக. இதைவிடவும் எளியது, சங்கத்தில் பழுதடைந்து மூலையில் கிடக்கும் பொருள்களை இப்பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பார்ப்பது. கூலி கொடுத்துச் செய்விக்கவேண்டும். 'நம்ம பையன்தானே' என்று தேநீரோடு அனுப்பிவிடக்கூடாது.

அந்தச் சங்கத்திலும் தார் சுற்றும் இயந்திரம் ஒன்று ஓராண்டாக ஓடாமல் இருந்தது. செயலாளர் துணிந்து அப்பையனை அழைத்தார். முதல் நாள் அவன் பிரித்துப் பூட்டிய பின் அது முன்னிலும் மோசமாகக் கடகடத்தது. எழுத்தர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். நம் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்று அவன் போனவன் நான்கு நாள் வரவில்லை. நமக்குப் பழைய அச்சம் எழுந்தது. ஐந்தாம் நாள், தேய்ந்த புஷ் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, அதற்கு ஈடாகப் பயிற்சி நிலையத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் கடைந்த புதியதொன்றோடு வந்தான். அது பொருந்தியது. இயந்திரம் இன்று ஓடுகிறது. ஒரு கதிரில் மட்டும் நூல் இறுக்கம் சரியில்லை. அதற்கு விடுமுறையில் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

கூலி 300 ரூபாய். செலவுச் சீட்டு எழுதும்போது, பெற்றவர் தொழில் என்ற இடத்தில் 'மாணவர்' என்று எழுதப்போனார் எழுத்தர். பையன் குனிந்து பார்த்துவிட்டு, "பொருத்துநர், இரண்டாம் ஆண்டு என்று எழுதுங்கள் அண்ணாச்சி" என்றான். அவ்வாறே எழுதப்பட்டது. விலைப்புள்ளி பெறாமல் செலவு செய்ததாகத் தணிக்கையில் குறிப்பு வரும் என்று செயலாளர் இப்போது கவலைப்படுகிறார். வந்தால் அதற்கு விளக்கம் எழுதித் தருவதாக நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். சீருடை இன்றும் காலையில் பைக்குள்தான் போகிறது.